உபயம் முதல் யூரியூப் வரை: கொடுப்பதற்கு நாம் கேட்கும் சாட்சி

காணொளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. ஒழுங்கை ஒன்றின் முடிவில் தகரமும் கிடுகும் போட்ட ஒரு வீடு. கமரா முதலில் அடுப்படிக்குப் போகும். வெறும் பானையைத் திறந்து காட்டும். பிறகு கூரையின் ஓட்டை, ஈரமான தரை, மூலையில் அடுக்கிய பாடசாலைப் புத்தகங்கள். கதிரையில் அமர்ந்திருக்கும் தாயிடம் கேள்விகள் கேட்கப்படும். கணவர் எங்கே? எப்போது விட்டுவிட்டுப் போனார்? ஏன் போனார்? பிள்ளைகள் காலையில் என்ன சாப்பிட்டார்கள்? அவர் அழத் தொடங்கும்போது பின்னணி இசை மெதுவாக ஏறும். அதன் பிறகுதான் உலர் உணவுப் பொதி, துவிச்சக்கரவண்டி, சில வேளைகளில் ஒரு கட்டு ரூபாத் தாள்கள். கனடாவிலோ லண்டனிலோ வசிக்கும் ஒருவர் தன் தகப்பனாரின் ஆண்டுத் திவசத்தை முன்னிட்டு அனுப்பிய உதவி என்று அறிவிக்கப்படும். தாய் கமராவைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைகளும் சொல்ல வேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் கடந்த சில வருடங்களில் இது ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. 2025 மார்ச் மாதத்தில், உதவி பெறும் குடும்பமொன்றின் பெண்பிள்ளையிடம் யூரியூபர் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைக் காட்டும் காணொளி பரவியபோது சமூக ஊடகங்கள் கொதித்தன. விடயம் பொலிஸ் வரை சென்றது. கண்டித்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால், அந்தக் கோபம் ஒரு தனிமனிதரோடு நின்றுவிட்டது. இப்படியான காணொளிகளை யார் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்வி அதிகம் எழவில்லை. பார்ப்பவர்கள் இருப்பதால்தான் அவை எடுக்கப்படுகின்றன. பார்த்த பிறகு பணம் அனுப்புபவர்கள் இருப்பதால்தான் தொடர்ந்து எடுக்கப்படுகின்றன. அனுப்புபவர்களில் பெரும்பாலானோர் நல்ல மனதுள்ளவர்கள். அதுதான் இந்த விடயத்தைச் சிக்கலாக்குகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையர்கள் கொடுக்கத் தயங்குபவர்கள் அல்லர். உலக நாடுகளின் ஈகைப் பழக்கத்தை ஒப்பிட்டு பிரித்தானியாவின் 'சரிட்டிஸ் எய்ட் பவுண்டேஷன்' ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த சுட்டெண்ணில் பத்து வருடத் தரவுகளையும் சேர்த்துக் கணித்து 2019இல் வெளியான பட்டியலில் இலங்கை 9ஆவது இடத்தில் இருந்தது. பணக்கார நாடுகளே நிறைந்த முதல் பத்து இடங்களுக்குள் மியன்மார், இந்தோனேசியா ஆகியவற்றோடு இலங்கையும் இருந்தது. தன் நேரத்தைச் செலவிட்டுத் தொண்டு செய்வதில் இலங்கையர்களே முன்னிலையில் இருந்தார்கள். இந்தச் சுட்டெண் கேட்கும் கேள்விகள் மூன்றுதான்: கடந்த ஒரு மாதத்துக்குள் முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவினீர்களா, தொண்டு அமைப்பொன்றுக்குப் பணம் கொடுத்தீர்களா, தன்னார்வப் பணி செய்தீர்களா. ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குப் பல்கலைக்கழகச் செலவு அனுப்புவதும், அயல்வீட்டுச் செத்தவீட்டுக்குப் பாணும் பருப்பும் சமைத்துக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் எங்கே வருமென்று சொல்வது கடினம். நம்முடைய கொடையில் கணிசமான பகுதி அப்படிப்பட்டதுதான்.

ஆக, கேள்வி 'கொடுக்கிறோமா' என்பதல்ல. கொடுக்கும்போது பதிலுக்கு எதைக் கேட்கிறோம் என்பதுதான்.

பதிலுக்கு எதுவும் கேட்காத கொடை அரிது. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மௌஸ் 1925இல் எழுதிய கட்டுரையிலிருந்து இது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. பொருளியலாளர் ஜேம்ஸ் அன்ட்ரியோனி 1990ஆம் ஆண்டளவில் இதையே வேறு விதமாக விளக்கினார். ஏழையின் நிலை மாறவேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால், அதை யார் செய்தாலும் நமக்கு ஒன்றுதான். அரசாங்கம் செய்தால் நாம் விட்டுவிடலாம். ஆனால், மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. தாமே கொடுத்தோம் என்ற உணர்வில் நெஞ்சில் பரவும் ஓர் இதம் இருக்கிறது. அதற்காகவும் கொடுக்கிறார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. திவசத்துக்குச் சோறு போடுகிறவர் புண்ணியத்தை இறந்தவரின் பெயரில் சேர்க்கிறார், தன் மனத்தின் பாரத்தையும் கொஞ்சம் இறக்கி வைக்கிறார். ஊரை விட்டு 1980களிலோ 1990களிலோ ஓடிப்போனவருக்கு, போகமுடியாமல் நின்றவர்களைப் பற்றிய குற்றவுணர்வு இருக்கிறது. பணம் அதைச் சற்று ஆற்றுகிறது.

புகழுக்காகக் கொடுப்பதும் புதிதல்ல. நமது ஊர்க் கோயில்களுக்குப் போனால் மணியில், மின்விசிறியில், சுவர்க்கடிகாரத்தில், வாங்கில் எல்லாம் 'உபயம்' என்று பெயர் எழுதியிருக்கும். ரியூப் லைட்டில் உபயகாரரின் பெயர் வெளிச்சத்தை மறைக்கிறது என்பது பழைய பகிடி. பாடசாலை மண்டபங்களின் முகப்பில் பளிங்குக் கல்லில் மூன்று தலைமுறைப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இவையெல்லாம் விளம்பரம்தான். ஆனால், அந்த விளம்பரத்தில் இருப்பவர் கொடுத்தவர் மட்டுமே. அந்த வாங்கில் யார் இருக்கிறார்கள், அந்த மண்டபத்தில் எந்த ஏழைப்பிள்ளை படிக்கிறது என்று எந்தக் கல்லிலும் எழுதுவதில்லை. முன்பு கொடுப்பவரின் பெயர் ஊருக்குத் தெரிந்தது. இப்போது பெறுபவரின் முகம் உலகுக்குத் தெரிகிறது. கொடுப்பவரோ பல காணொளிகளில் 'பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அண்ணா'. அடக்கமாக இருக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. பானையைத் திறந்து காட்டும் தாய்க்கு இல்லை.

திருக்குறளில் ஈகைக்கு 23ஆம் அதிகாரம். இரப்பதற்கு அஞ்சுதல் பற்றி 107ஆம் அதிகாரம். மேடைகளில் நாம் முதலாவதைத்தான் அதிகம் எடுத்துச் சொல்கிறோம். கையேந்துவது ஒரு மனிதரை உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று யோசித்தவர்களும் அதே மரபில்தான் இருந்தார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற கருத்து கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் உண்டு. வீடுகளில் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, பிறகு பொதுக் காரியத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தில் எந்த வீட்டு அரிசி யார் வயிற்றுக்குப் போனதென்று யாருக்கும் தெரியாது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அங்குள்ள மடங்களில் பசியோடு வந்தவரும் வசதியோடு வந்தவரும் ஒரே பந்தியில் இருப்பதால், சாப்பிடுகிறவர் எவரும் ஏழையென்று அடையாளம் காணப்படுவதில்லை. வெசாக் காலத்துத் தன்சலிலும் இதே நிலைதான். வரிசையில் நிற்பவரின் வருமானத்தை எவரும் கேட்பதில்லை.

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. பந்தியில் யார் இருக்கலாம், கோயிலுக்குள் யார் போகலாம் என்பதற்கு இந்த மண்ணில் அடிதடி நடந்திருக்கிறது. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தது பலருக்கு இன்னும் நினைவிருக்கும். கொடையும் சாதியும் கைகோத்து நடந்த கதை தனியாக எழுதப்பட வேண்டியது. இங்கே சொல்ல வருவது, பெறுபவரை வெளிக்காட்டாமல் கொடுக்கும் வழிகள் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைத்தான்.

அப்படியிருக்க, முகத்தை ஏன் கேட்கிறோம்?

ஒரு காரணம், மனித மனம் இயங்கும் விதம். அமெரிக்காவில் டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்டைன், போல் ஸ்லோவிக் ஆகிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. பங்கேற்றவர்களுக்கு 5 டொலர் கொடுத்து, அதிலிருந்து விரும்பியதை நன்கொடையாக வழங்கலாம் என்றார்கள். ஒரு குழுவுக்கு ஆபிரிக்க நாடுகளில் உணவின்றி வாடும் இலட்சக்கணக்கானோரைப் பற்றிய புள்ளிவிபரம் மட்டும் காட்டப்பட்டது. அவர்கள் சராசரியாகக் கொடுத்தது 1.14 டொலர். இன்னொரு குழுவுக்கு மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதை சொல்லப்பட்டது. அவர்கள் 2.38 டொலர் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சிறுமியின் கதையும் புள்ளிவிபரமும் சேர்த்தே காட்டப்பட்டன. கூடுதலாகத் தெரிந்தால் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். தொகை 1.43 டொலராகக் குறைந்தது. ஒரு முகத்துக்கு இளகும் மனம், அந்த முகத்துக்குப் பின்னால் இன்னும் இலட்சம் பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் சோர்ந்துவிடுகிறது.

யூரியூபர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்கத் தேவையில்லை. எந்தக் காணொளிக்குப் பணம் வருகிறது, எதற்கு வரவில்லை என்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

ஆனால், எல்லா மனிதருக்கும் பொதுவான இந்தக் குணத்தை மட்டும் சொல்லி நம் கதையை முடிக்க முடியாது. இரண்டாவது காரணம் நம்முடைய வரலாற்றிலிருந்து வருகிறது. நாம் நிறுவனங்களை நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணங்கள் உண்டு. யுத்தகாலத்தில் புலம்பெயர் நாடுகளில் சேர்க்கப்பட்ட பணம் எல்லாம் மனமுவந்து கொடுக்கப்பட்டதல்ல. கனடாவிலும் பிரித்தானியாவிலும் மிரட்டிப் பணம் வாங்கப்பட்டதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006இல் அறிக்கையாகவே வெளியிட்டது. மனமுவந்து கொடுத்தவர்களுக்கும் 2009 மே மாதத்துக்குப் பிறகு கணக்குச் சொல்ல எவரும் முன்வரவில்லை. மறுபக்கத்தில் அரசாங்கம் 2014 மார்ச்சில் 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு சில பெயர்கள் நீக்கப்பட்டன, 2021இல் மீண்டும் சேர்க்கப்பட்டன, 2022இல் மீண்டும் நீக்கப்பட்டன. யாருக்குப் பணம் அனுப்பினால் நாளை எந்தப் பட்டியலில் தன் பெயர் வருமோ என்று ஒருவர் பயந்தால் அதைக் குறைசொல்ல முடியாது. உள்ளூரில் அரசசார்பற்ற நிறுவனங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் செயலகம் யுத்தம் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கியது. கிராமத்துக்குள் ஒரு சிறு சங்கம் தையல் வகுப்பு நடத்தினாலும் புலனாய்வாளர் வந்து விசாரிக்கும் நிலை இருந்தது.

இதனால் என்ன நடந்தது? அமைப்பாகி, பதிவுசெய்து, வருடாந்தக் கணக்கறிக்கை வைத்து இயங்குவது ஆபத்தான, அலுப்பான வேலையானது. ஒரு தொலைபேசியும் ஒரு மோட்டார் சைக்கிளும் உள்ள தனிநபர் இலகுவான வழியானார். அவரிடம் கணக்கறிக்கை இல்லை. அதற்குப் பதிலாகக் காணொளி இருக்கிறது. அனுப்பிய 50,000 ரூபாவில் எவ்வளவு போய்ச்சேர்ந்தது என்பதைக் காணொளி உண்மையில் நிரூபிப்பதில்லை. பொதி கைமாறும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் காட்டுகிறது. அதே குடும்பத்துக்கு வேறு எத்தனை பேர் பணம் அனுப்பினார்கள், அது எங்கே போனது என்பது தெரியாது. ஆனாலும், கண்ணால் பார்த்த திருப்தி கிடைத்துவிடுகிறது.

கொடுப்பவருக்கு நியாயமாகத் தேவைப்படும் அந்தச் சாட்சிக்கான செலவை யார் செலுத்துகிறார்கள் என்று பாருங்கள். நிறுவனம் செலுத்துவதில்லை, இடைத்தரகர் செலுத்துவதில்லை. அவருக்கு விளம்பர வருமானம்கூட வருகிறது. செலுத்துபவர் பெறுபவர். பதின்மூன்று வயதுப் பிள்ளை நாளை வகுப்புக்குப் போகும்போது அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஐந்து வருடம் கழித்து அவளுக்குக் கலியாணம் பேசும்போதும் அது இணையத்தில் இருக்கும். தந்தை குடிகாரர், தாய்க்கு இரண்டாம் தாரம், வீட்டில் மலசலகூடம் இல்லை என்பதெல்லாம் ஒரு மாத அரிசிக்காக நிரந்தரமாகப் பதிவாகிவிடுகிறது. சம்மதத்துடன்தான் எடுத்தோம் என்பார்கள். அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் சம்மதத்தை மறுக்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு அந்த அரிசி தேவைப்பட்டிருக்காது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் சட்டம் நிறைவேற்றப்பட்டும், அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வரவேண்டிய திகதி 2025இல் பிற்போடப்பட்டது.

கமரா இல்லாமலும் சாட்சிக்கான விலை அறவிடப்படுவதுண்டு. 2020 மே 21ஆம் திகதி, கொழும்பு மாளிகாவத்தையில் ரமழானை முன்னிட்டுப் பணம் வழங்கப்பட்ட இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். கொரோனா முடக்கத்தால் வருமானம் இழந்திருந்த காலம் அது. கொடுத்தவர் கெட்ட எண்ணத்துடன் கொடுத்ததாக எவரும் சொல்லமாட்டார்கள். வீட்டு வாசலில் வரிசை நிற்கவேண்டும் என்ற முறைதான் அங்கே கொன்றது. அதே இஸ்லாமிய மரபில் ஸகாத்தைப் பள்ளிவாசல் மட்டத்தில் கூட்டாகச் சேர்த்து, பட்டியலிட்டு, வீடு தேடிச் சென்று கொடுக்கும் பைத்துஸ் ஸகாத் அமைப்புகளும் இந்த நாட்டில் பல ஊர்களில் இயங்குகின்றன.

கமராவில் அழகாகத் தெரிவதுதான் கொடுக்கப்படும் என்பது இதன் இன்னொரு விளைவு. துவிச்சக்கரவண்டி தெரியும், பாடசாலைப் பை தெரியும், கோழிக்கூடு தெரியும். நுண்கடன் தெரியாது. வாரந்தோறும் கடன் சேகரிக்க வருபவருக்குப் பயந்து பின்கதவால் ஓடும் பெண்ணுக்குத் தேவை இன்னொரு தையல் இயந்திரம் அல்ல. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கம் தீர்மானிக்கும் அளவுக்குப் பிரச்சினை முற்றியிருந்தது. அப்போதும் நமது ஊர் ஒன்றியங்கள் பல கோழிக்குஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தன. கிளினிக்குக்குப் போக பஸ் காசு, காணி உறுதி எடுக்கச் சட்டத்தரணிக்கான கட்டணம், மனநல ஆலோசனை: இவற்றுக்கெல்லாம் படம் எடுக்க முடியாது. ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

சிறுவர் இல்லங்களின் கதையும் இதுதான். திவசம், பிறந்தநாள் என்றால் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக இருந்து, முன்பின் தெரியாத ஒருவரின் பெயரில் பிரார்த்தனை செய்துவிட்டுச் சாப்பிடுவார்கள். இலங்கையின் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ, சிலருக்கு இருவருமே உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, தாய் வெளிநாட்டு வேலைக்குப் போனமை, பாடசாலை தூரம் போன்றவற்றால் வந்தவர்கள் அவர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி தாயின் கைக்குப் போயிருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால், ஒரு குடிசையில் ஒரு பிள்ளை தன் தாயோடு இருந்து சாப்பிடுவதில் திவசக்காரருக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

இதே விடயம் மிகப் பெரிய அளவில் நடந்ததை நாம் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பார்த்தோம். சுனாமிக்காக உலகம் முழுவதும் கொடுத்தது. சர்வதேச உதவிகளை மதிப்பிட்ட கூட்டமைப்பின் கணக்குப்படி மொத்தம் 13.5 பில்லியன் டொலருக்கும் மேல். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 7,100 டொலருக்கும் மேல் என்ற அளவில் பணம் வந்தது. அதே 2004இல் பங்களாதேஷில் வந்த வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவிடப்பட்டது 3 டொலர்தான். வித்தியாசம் தேவையில் இல்லை, தொலைக்காட்சியில் இருந்தது. நத்தார் விடுமுறையில் மேற்கத்தியச் சுற்றுலாப் பயணிகளின் கைக்கமராவில் அலை பதிவாகியிருந்தது.

இலங்கைக் கடலோரத்தில் அந்தப் பணம் என்ன செய்தது என்பதைப் பிரித்தானிய மானுடவியலாளர் ஜொக் ஸ்டிரட் 2006இல் எழுதினார். நன்கொடையாளர்களுக்குக் காட்டுவதற்குத் தெளிவான படம் வேண்டும் என்பதால் நிறுவனங்கள் பயனாளிகளுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டன என்பது அவருடைய அவதானம். படகு நல்ல படம். எனவே சில கரைகளில் அழிந்ததைவிடக் கூடுதலான படகுகள் வந்து குவிந்தன. கடலுக்கே போகாதவர்களுக்கும் படகு கிடைத்தது. ஒவ்வொரு படகிலும், ஒவ்வொரு வீட்டிலும் நிறுவனத்தின் இலச்சினை. யுத்தத்தால் பல தடவைகள் இடம்பெயர்ந்து, கடற்கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அதே காலத்தில் கிடைத்தது மிகக் குறைவு. கிழக்கில் வேலை செய்த எவரைக் கேட்டாலும் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிச் சொல்வார்கள்.

நிர்வாகச் செலவு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு முகம் சுளிக்கிறது. 'நூறு வீதமும் நேரடியாக மக்களுக்கே' என்று அறிவிப்பவருக்குப் பணம் சேர்கிறது. உரி க்னீஸியும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 40,000 பேரை நான்காகப் பிரித்து நன்கொடைக் கடிதம் அனுப்பினார்கள். வெறும் வேண்டுகோள் பெற்ற பிரிவிலிருந்து ஏறத்தாழ 8,000 டொலர் வந்தது. நிர்வாகச் செலவை வேறொருவர் ஏற்றுவிட்டார் என்று அறிவிக்கப்பட்ட பிரிவிலிருந்து 23,000 டொலருக்கும் மேல் வந்தது. கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் போவதை மனம் ஏற்பதில்லை. ஆனால், பயனாளிகளைச் சரியாகத் தெரிவு செய்யவும், ஒரே வீட்டுக்கு மூன்று தரம் போகாமல் தடுக்கவும், முறைப்பாட்டை விசாரிக்கவும், வருட இறுதியில் கணக்காய்வு செய்யவும் ஒருவர் வேலை செய்தாக வேண்டும். அந்தச் செலவைக் கொடுக்க மறுத்தால் நமக்குக் கிடைப்பது செலவில்லாத கணக்காய்வு. அதன் பெயர்தான் காணொளி. ஸகாத்தில் கடன்பட்டவரோடு இன்னொரு வகையினரும் அந்த எட்டில் இருக்கிறார்கள்: ஸகாத்தைச் சேகரித்துப் பங்கிடும் பணியாளர்கள். நிர்வாகத்துக்கும் கூலி உண்டென்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த ஏற்பாடு அது.

முகம் காட்டாவிட்டால் எங்கள் சனம் கொடுக்காது என்பது இதற்கெல்லாம் வழமையாக வரும் பதில். அது உண்மையா என்று பார்க்க, இரத்த வங்கியைக் கவனித்தால் போதும். ஒரு காலத்தில் இலங்கையிலும் சத்திரசிகிச்சைக்கு இரத்தம் வேண்டுமென்றால் நோயாளியின் உறவினர்களே ஆள் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. கொடுத்தவருக்கு எந்தக் கட்டிலில் இருப்பவருக்காகக் கொடுக்கிறோம் என்று தெரியும். படிப்படியாக அந்த முறை மாற்றப்பட்டு, 2014இலிருந்து தேசிய இரத்த மாற்றுச் சேவை முழுவதும், நூறு வீதமும், கைம்மாறு பெறாத தன்னார்வக் கொடையாளர்களிலேயே தங்கியிருக்கிறது. வருடத்துக்கு 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள் மக்கள் போய் இரத்தம் கொடுக்கிறார்கள். தெற்காசியாவில் இது சாதாரண விடயமல்ல.

அவர்கள் எல்லோரும் ஞானிகளாகிவிட்டதால் இது நடக்கவில்லை. இரத்ததான முகாம்களின் பதாகைகளைப் பாருங்கள்: இறந்த நண்பனின் முதலாம் ஆண்டு நினைவு, விளையாட்டுக் கழகத்தின் வெள்ளிவிழா, பாடசாலையின் 1998 உயர்தர அணி, கோயில் திருவிழா, வெசாக். பெயரும் உண்டு, புண்ணியமும் உண்டு, கூடிச் செய்யும் குதூகலமும் உண்டு. முடிவில் ஒரு பிளேன்ரீயும் பிஸ்கட்டும் உண்டு. மனிதர்கள் கொடுப்பதற்கான பழைய காரணங்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: பெறுபவரின் முகம். பையில் இருப்பது ஓர் இலக்கமும் இரத்த வகையும் மட்டுமே. பருத்தித்துறையில் கொடுத்த இரத்தம் யாருக்கு ஏறியது, அவர் எந்த இனம், நன்றி சொன்னாரா என்று எவரும் கேட்பதில்லை. இரத்தம் வீணாகவில்லை என்று எப்படி நம்புகிறார்கள்? அந்தச் சேவை பரிசோதிக்கிறது, பதிவேடு வைத்திருக்கிறது, கொடையாளருக்குப் புத்தகம் கொடுக்கிறது, நான்கு மாதம் கழித்தே மீண்டும் வரச்சொல்கிறது. சாட்சி சொல்லும் பொறுப்பு நோயாளியிடம் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது.

பண உதவியில் இதைச் செய்வதற்குப் பெரிய கட்டமைப்பு எதுவும் தேவையில்லை. அஸ்வெசும போன்ற அரச நலன்புரித் திட்டத்தின் தெரிவிலேயே 2023இல் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் வந்தன. ஆகவே யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பது இலகுவான வேலையென்று சொல்லமாட்டேன். ஆனால், ஓர் ஊர் ஒன்றியத்துக்கு அந்த ஊரின் இருநூறு குடும்பங்களைப் பற்றிய விபரம் போதும். அதிபர், கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகிய மூவரும் தனித்தனியாகத் தரும் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொதியாகக் கொடுக்காமல் தாயின் வங்கிக் கணக்குக்கு மாதந்தோறும் ஒரு தொகை போடலாம். அது அரிசியாகுமா, கடன் தவணையாகுமா என்பதை அவரே முடிவு செய்வார். வங்கிப் பற்றுச்சீட்டைவிட நல்ல சாட்சி எந்தக் காணொளியிலும் இல்லை. வருடக் கூட்டத்தில் கணக்காய்வு அறிக்கை வாசிக்கப்படும்போது எத்தனை குடும்பம், எவ்வளவு தொகை, எழுதுவினைஞருக்கு எவ்வளவு சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரியவரும். பெயர்கள் மூன்று பேர் கொண்ட குழுவோடு நிற்கும்.

வடக்கில் சில பழைய மாணவர் சங்கங்கள் புலமைப்பரிசில்களை ஏற்கெனவே இப்படித்தான் கொடுத்து வருகின்றன. பணம் பிள்ளையின் கணக்குக்குப் போகிறது. பரிசளிப்பு விழாவில் அந்தப் பிள்ளை மேடைக்கு அழைக்கப்படுவது, கணிதத்தில் அதிகூடிய புள்ளி எடுத்திருந்தால் மட்டும்தான்.